பேரம்

"கெஞ்சாதீர்கள். கேட்கும் முன்னே அறிந்தவர் அவர்,"
என்றார் போதகர் ம்வாலே, போன ஞாயிறு.
ஆமென் சொன்னவர்களில் நானும் ஒருத்தி.
லிம்பே சந்தையில் தக்காளி விற்கும்
தியாமிகேயும்தான்.

இன்று மூன்றாம் வார்டு, இரவு இரண்டு மணி.
மலேரியாவில் கொதிக்கும் பிள்ளையின் கால்மாட்டில்
முழங்காலிட்டு விலை பேசுகிறாள்:

கடையை எடுத்துக்கொள்ளும், ஆண்டவரே.
சரி, என் வலது கண்ணையும்.
ஆபிரகாம் ஐம்பதில் தொடங்கிப்
பத்துக்கு இறக்கவில்லையா உம்மை?
கோபித்துக்கொண்டீரா அப்போது?
நான் பத்துகூடக் கேட்கவில்லையே.
ஒன்று.
ஒன்றே ஒன்று.

குளுக்கோஸ் சொட்டுவதை
வாட்சைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தேன்.
பதினேழா, பதினெட்டா?

தவறிவிட்டது.
மறுபடி முதலிலிருந்து:
ஒன்று.

என் உதடும்
எண்ணத்தான் அசைகிறது என்று
நினைத்துக்கொள்ளட்டும்,
எதிர்க்கட்டில்காரி.