ஏழாம் தீராந்தி

ஊர்காவற்றுறை இறங்குதுறைக்கு இரண்டு வீடு தள்ளி
சுங்கத்துரை ஒருத்தர் கட்டின மரவீட்டை
ஒன்பது அறை விடுதியாக்குகிற வேலையில்
நான் கணக்குப்பிள்ளை.
ஆணிக்கும் தேத்தண்ணிக்கும் வவுச்சர் எழுதுகிறவன்.

சுவரெல்லாம் பலகை. கூரைக்கு அடியும் பலகை.
வௌவால் எச்சம் சுரண்டவே பதினொரு நாட்கூலி.
உப்புக்காற்று ஆணிகளைத் தின்று முடித்திருந்தது,
மரத்தை நக்கிப் பார்த்துவிட்டு
வேண்டாமென்று விட்டிருந்தது.

மேல்மாடியைத் தாங்குகிற தீராந்திகள் பன்னிரண்டு,
பர்மாத் தேக்கு. ஒவ்வொன்றின் தலையிலும்
உளியால் கொத்திய தமிழ் எண்.
ஓடாவி இராயப்பு ஏணியில் நின்று டோர்ச் அடித்து
வாய்விட்டு வாசித்துக்கொண்டு வந்தார்:
நாலு. அஞ்சு. ஆறு.
பிறகு, எட்டு.

ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில்
ஒரு ஆள் படுக்கிற அகலத்துக்குப்
பலகை தொய்ந்து கிடந்தது.

கொழும்பிலிருந்து வந்த கட்டடக்கலை மிஸ்
இரும்பு வேண்டாம் என்றா.
புதுத்தேக்கும் வேண்டாம், நிறம் ஒத்துவராது.
ஒஸ்லோவிலிருந்து முதலாளி குரல் அனுப்பினார்:
பழசு எங்கேயாவது கிடக்கும், தேடு.

கிடந்தது.
நாலு வளவு தள்ளி, எமில்டாக்காவின்
கோழிக்கூட்டுக்கு வளையாக.
எச்சம் வெள்ளையடித்திருந்த முனையை
நகத்தால் சுரண்டினேன்: ௭.

"அது ஏழில்லைத் தம்பி. எ.
எமில்டா."

சிரிக்கவில்லை அவ.
முட்டைகளைக் கடகத்தில் எண்ணி வைத்தபடியே சொன்னா.
தொண்ணூறில், பூட்டிக் கிடந்த வீட்டுக்குள்
அவவும் புருஷனும் கொழுந்தனும் இருட்டோடு இறங்கிக்
கழற்றினது. பங்கருக்கு மூடி.
அதன்மேல் தென்னங்குற்றி, அதன்மேல் மண்மூட்டை,
அடியில் ஆறு பேரும் ஒரு தையல்மெசினும்.
ஆவணியில் வள்ளம் ஏறினார்கள்.
பதினேழு வருஷம் கழித்து வந்து கிண்டினால்
தென்னங்குற்றி புட்டுமாவாய் உதிர்ந்தது,
தீராந்தி விட்ட இடத்தில் விட்டபடி.

விலை கேட்டேன்.
"களவெடுத்த சாமானை விக்கிறதோ? கொண்டு போ."
நிம்மதியாய்ப் புத்தகத்தை மூடப்போனேன்.
"நாலு பை சீமெந்து. அதே நீளத்தில ஒரு லிண்டல்.
இவ்வளவு காலம் வைச்சுப் பாத்த கூலி."

அதில் பதினேழு வருஷம் பார்த்தது மண் என்றேன்.
"மண் ஆற்றை மண்?" என்றா.
அஞ்சு பையானது.

கொண்டுவந்து கழுவினோம்.
நெடுக்கில் ஒரு வெடிப்பு. இராயப்பு கம்பியால் நோண்ட
ஒரு தேத்தண்ணிக் கோப்பையளவு கடல்மண் கொட்டியது,
கூடவே கறள் பிடித்த தையலூசி.
தொலையாமலிருக்க யாரோ குத்தி வைத்தது.
கொண்டுபோய்க் கொடுத்தேன்.
வெளிச்சத்தில் பிடித்துக் காதைப் பார்த்தா.
அடைத்திருந்தது.
சட்டைத் தோளில் குத்திக்கொண்டு
கோழிக்குத் தவிடு குழைக்கப் போய்விட்டா.

வவுச்சருக்கு ஒரு தலைப்பு வேண்டும்.
பழைய மரம் வாங்கியது என்றால்
எமில்டாக்கா ஒப்பம் வைக்கமாட்டா.
திருப்பித் தந்தது என்றால்
அஞ்சு பை ஏன் என்று ஒஸ்லோ கேட்கும்.
அரைநாள் பேனையைக் கடித்துவிட்டு
காவற்கூலி என்று எழுதினேன்.
ஆர் ஆரைக் காத்தது என்று கேட்கிற கட்டம்
அந்தத் தாளில் இல்லை.

ஏழு ஏறிவிட்டது.
அதற்கு மேலே வருகிற அறை இரவுக்கு நாற்பத்திரண்டாயிரம்,
காலைச் சாப்பாடு சேர்த்து.
கதவுகளுக்கும் தமிழ் எண்தான் வேண்டுமென்று மிஸ் சொல்ல
இராயப்பு ஒரு கிழமை கொத்தினார்.

நேற்று, லிண்டல் ஒரு விரற்கடை சரிவென்று
சண்டை பிடிக்க வந்த எமில்டாக்கா
செருப்பைக் கீழே கழற்றிவிட்டுப் படியேறினா.
ஒவ்வொரு படியையும் காலால் அமத்திப் பார்த்தா.
ஏழாம் கதவுக்கு முன்னால் நின்றா.

"என்ர எழுத்தைச் சின்னனாக் கொத்திப்போட்டியள்"
என்றா.