ரசமட்டம்

ராக்கியண்ணன் மேஸ்திரியிடம் இரவல் வாங்கியது.
ரெக்கார்ட் ப்ளேயர் மேல் வைத்தால்
குமிழி மேற்கே ஓடுகிறது.
கிழக்குக் காலடியில் ஒரு ரூபாய்.
போதவில்லை.
நூல் கடன் தந்த சென்னியப்பனின் கார்டை
இரண்டாய் மடித்துச் செருகினேன்.
நின்றது.

முள்ளுக்குப் பாரம் இரண்டு கிராம்.
சுவருக்கு அக்கட்ட என் பதினாறு தறி.
வீணை ஒரு வரி தாண்டி விழுந்தது.
சைக்கிள் ட்யூப் வெட்டிப் போட்டும் பார்த்தாச்சு;
சோமனூரே ஆடும்போது
ரப்பர் என்ன பண்ணும்?

கூலி உயர்வு கேட்டு
தறியை நிறுத்தி ஒன்பது நாள்.
முள் துள்ளவேயில்லை.
தட்டின் இரண்டு பக்கமும் கேட்டேன்,
அப்புறம் மறுபடி முதல் பக்கம்.

தவணைக்கு டைம் கேட்கணும்.
நம்பர் அந்தக் கார்டில்தான்.
உருவினேன்,
தட்டு சுற்றிக்கொண்டிருக்கும்போதே.