துத்தம்

புல்லாங்குழல்காரர் மூச்சை இழுக்கிறார்.
இழுத்த மூச்சு இழுத்தபடியே நிற்கிறது.
திரையில் ஒரு வட்டம் சுற்றுகிறது.
பதினோரு விநாடி கழித்து
பாதிக் கமகத்திலிருந்து தொப்பென்று விழுகிறார்.

இருபத்துநான்கு பிட்,
நூற்றுத் தொண்ணூற்றிரண்டு கிலோஹெர்ட்ஸ்.
இதற்குத்தான் மாதச் சந்தா,
கடலூர் தேவனாம்பட்டினத்தில்,
அலைக்கு நாலு தெரு தள்ளி.
"சாதாரணத்துல வைங்களேன், அது நிக்கறதே இல்லயே"
என்கிறாள் தமயந்தி,
விடைத்தாள் கட்டிலிருந்து தலை தூக்காமல்.
நிற்பதில்லை, வாஸ்தவம்.
ஆனால் அதில் அவர் மூச்சே விடுவதில்லை.

முதல் பழி மைக்ரோவேவ் மேல்.
மூன்று நாள் குழம்பு ஆறியே தின்றோம்.
அப்புறம் பக்கத்து வீட்டு வைஃபை.
சேனலை ஒன்றிலிருந்து ஆறுக்கு,
ஆறிலிருந்து பதினொன்றுக்கு,
திரும்ப ஒன்றுக்கு.
வைஃபையே வேண்டாமென்று
ரௌட்டரிலிருந்து நேராக ஒயர் இழுத்தேன்.
ஒயரிலும் நின்றது.

எத்திராஜ் ஏணியோடு வந்தார்.
அவர் போனில் முள் எகிறி
தொண்ணூற்றுநாலில் நின்றது.
"இரநூறு கட்டறேன்" என்றேன்.
"பாட்டுதான சார் கேக்கறீங்க?
இதுக்கு மேல கடலயா தூக்கியாந்து உட முடியும்?"
பாட்டுக்கு ஒன்பது போதும். எனக்கும் தெரியும்.
ஏணியைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனார்.

கரண்டு பில் அட்டையின் பின்னால் எழுதலானேன்.
செவ்வாய், ஏழு ஐம்பது.
புதன், எட்டு ஐந்து, எட்டு இருபது.
வெள்ளி, நிற்கவே இல்லை.
ஞாயிறு, எண்ணுவதை விட்டுவிட்டேன்.

"வெள்ளிக்கிழம மேல்காத்து" என்றாள் அவள்,
சிவப்புப் பேனா நகர்ந்துகொண்டே இருக்க.
"துணியெல்லாம் மொறுமொறுன்னு காஞ்சிது."
ஞாயிறு?
ஞாயிறு கொண்டல்.
ஜன்னல் கம்பியைத் தொட்டு
விரலை நாக்கில் வைத்தால் உப்பு.

அந்த ஜன்னலுக்குக் கீழேதான்
தெருவிலிருந்து இணையம் ஏறும் பெட்டி.
அங்கிருந்து ரௌட்டருக்கு
ஒரே ஒரு ஒயர், ஒரு முழம்கூட இருக்காது,
மூன்று வாரமாக நான் திரும்பியே பார்க்காதது.
எட்டுக் கம்பியில் நாலு ஊமையானால்
வேகம் நூறுக்குள் படுத்துவிடும்.
முள் அன்றைக்கே சொல்லியிருக்கிறது.

பிடுங்கினேன். முனையில் பச்சை.
"மயில்துத்தம்" என்றேன்.
டார்ச்சை வாங்கிப் பார்த்தாள் வேதியியல் டீச்சர்.
"துத்தம் நீலம். இது செம்புல உப்பு ஏறின பச்ச. குளோரைடு."
மார்க் இல்லை எனக்கு.
பழைய ஏழு சுரத்தில் இரண்டாவதன் பேரும் துத்தம்தான்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
கட்டில் இன்னும் இருபத்தெட்டுத் தாள் இருந்தது.
விட்டுவிட்டேன்.

வெட்டி, உரித்து, புது முனை.
அவள் படிக்க, நான் செருக:
வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு,
வெள்ளைப் பச்சை, நீலம்,
"அதென்ன, பச்சைக்கு நடுவுல நீலம்?"
தெரியாது, வைத்தவன் வைத்தான்,
வெள்ளை நீலம், பச்சை,
வெள்ளைப் பழுப்பு, பழுப்பு.
இடுக்கி ஒரு கடி கடித்தது.

இரவு கொண்டல் வந்தது. ஜன்னலை அடித்தது.
குழல்காரர் மூச்சை இழுத்தார்,
விட்டார்,
போய்க்கொண்டே இருந்தார்.
இருபது நிமிடம். முப்பது.
என்ன ராகம் என்று கேட்டிருந்தால்
திருதிருவென்று விழித்திருப்பேன்.
இங்கே நிற்கும், இதோ இங்கே நிற்கும் என்று
பாட்டுக்கு முன்னால் ஓடி
ஒவ்வொரு திருப்பத்திலும் காத்துக்கொண்டு கிடந்தது காது.

"யாரோ நாற்காலியில நகந்து உக்காந்தாங்க"
என்றாள் தமயந்தி திடீரென்று.
"பாட்டுக்குள்ள."

காலையில் அந்தப் பச்சை முனையைக் காணோம்.
பதினொன்றாம் வகுப்புக்கு இன்று
அரிமானம் நடத்துகிறாளாம்.