பதினாலு விநாடி

எட்டு மணிக்கு முன்பே ஹீட்டரை அணைத்துவிடுவேன்.
மாணவர்கள் திட்டுவார்கள். திட்டட்டும்.
அந்த முனகலுக்குக் காது பழகிவிடும்,
மைக்குக்குப் பழக்கம் என்று ஒன்றில்லை.

புந்தா அரேனாஸில் காற்றை அணைக்க வழி கிடையாது.
நீரிணையிலிருந்து ஏறி வந்து
தகரக் கூரையை உலுக்கும்.
மனிதர்கள் பிடித்து நடக்கத்
தெருமுனைகளில் கயிறு கட்டியிருக்கிறார்கள்.
குரலுக்கு யார் கட்டுவது?
ஜன்னல் இடுக்கில் பழைய கம்பளி திணித்தேன்,
மேசைமேல் போர்வையை மடித்துப் போட்டேன்,
கதவில் ஒரு சீட்டு:
இருமுவதென்றால் இருமிவிட்டு உள்ளே வரவும்.

பேராசிரியர் வெஸ்னா யூட்ரோனிச்
பனியாறுகளைப் பற்றிப் பேசுகிறவர்.
அவர் கழுத்துச் சங்கிலி
மூச்சுக்கு மூச்சு மைக்கைத் தட்டியது.
முதல் வாரம் சொல்லத் தயங்கினேன்.
இரண்டாம் வாரம் சொன்னேன்.
கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார்,
சூடாக இருந்தது.

வாயிலிருந்து ஒரு சாண் கீழே,
'ப' வெடிக்காதபடி கொஞ்சம் ஓரமாக,
கம்பி இழுபடாமல் சட்டைக்குள் ஒரு சுருக்கு.
பிறகு நான் கடைசி வரிசை.
முள் மஞ்சளைத் தொடலாம்,
சிவப்பைத் தொட்டால் என் தவறு.

பத்து வகுப்பு இப்படி ஓடிற்று.
ஒயார்சோ என்று ஒருவர்,
சால்மன் பண்ணைப் படகில் எஞ்சின் அறை ஆள்,
எழுதியிருந்தார்:
இரண்டு எஞ்சினுக்கு நடுவில் உட்கார்ந்து கேட்கிறேன்,
ஒரு சொல் தவறவில்லை.
இரண்டு நாள் அந்தக் காகிதம் சட்டைப்பையில் இருந்தது.

பதினோராம் வகுப்பில்
பனிக்குள் அடைபட்ட காற்றுக்குமிழிகளைச் சொல்லி முடித்தார்.
பின்வரிசையில் யாரோ ஏதோ கேட்டார்கள்.
நான் அதே வரிசையில்தான் இருந்தேன்,
ஆனால் காதில் ஹெட்போன்.
மைக் கேட்டதுதான் எனக்கும் கேட்டது:
மூடிய பாத்திரத்தில் நீர் அலம்புவதுபோல்
பதினாலு விநாடி.
அப்புறம்,
இந்த வருடம் நான் எடுத்ததிலேயே மிகத் தெளிவான பதிவு:

"தெரியவில்லை.
எனக்கு அது தெரியவில்லை."

உதடு பிரிவது கேட்கிறது.
மூச்சு உள்ளே போவது கேட்கிறது.

கேள்வி என்ன என்று முதலில் எழுதியவர் ஒயார்சோ.
பிறகு போர்வெனீரிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை.
பிறகு யார் யாரோ.
ஒலியைக் கூட்டினேன், காற்றைக் குறைத்தேன்,
இரவு இரண்டு மணிக்கு ஒரு 'ஏன்' கிடைத்தது.
காலையில் போய்ப் பார்த்தால்
பின்வரிசை நாற்காலி ஒன்று
அப்படியே கிறீச்சிடுகிறது.

வெஸ்னாவைக் கேட்டேன்.
"நல்ல கேள்வி என்பது மட்டும் ஞாபகம்."
வகுப்பில் கேட்டேன்.
நான்தான் என்று மூன்று பேர் எழுந்தார்கள்,
மூன்று கேள்வி சொன்னார்கள்.
மூன்றுக்கும் அவருக்கு விடை தெரியும்.

இப்போது நடைபாதையில் இன்னொரு மைக்,
தலையில் பஞ்சுத் தொப்பியோடு.
அதன் அருகே யாரும் வருவதில்லை.
இருந்த இடத்திலிருந்தே,
வாயைக் கையால் மறைத்துக்கொண்டு கேட்கிறார்கள்.

வெற்றிடத்தை வெட்டிவிடச் சொன்னது அலுவலகம்.
வெட்டவில்லை.
ஒயார்சோ வாரம் ஒரு கேள்வி எழுதி அனுப்புகிறார்,
அந்தப் பதினாலு விநாடிக்குள்
அடங்குமா என்று பார்க்கச் சொல்லி.
சத்தமாகப் படித்துப் பார்க்கிறேன்.
சில அடங்குகின்றன.

வெஸ்னா இப்போதெல்லாம்
யார் கேட்டாலும் என் பக்கம் பார்த்துவிட்டு
கேள்வியைத் திருப்பிச் சொல்கிறார்.
அவர் வாயில் அது கொஞ்சம் மாறிவிடுகிறது.
கேட்டவரைப் பார்த்து, இதுதானே? என்கிறார்.

தலையாட்டுகிறார்கள்.
ஆமாம் என்றா, இல்லை என்றா,
பதிவில் விழுவதில்லை.