பதினொன்றாம் துளை

பத்துத் துளையிலும் கம்பி முனகியது.
பதினொன்றில் ஏழு மீட்டர் தாண்டியதும்
சத்தமே இல்லை.
நெம்புகோலிலிருந்து கையை எடுத்துவிட்டு
ஆஸ்முண்ட் என்னைப் பார்த்தான்.
கம்பி தானாக இறங்கிக்கொண்டிருந்தது.
வெண்ணெயில் கத்தி என்று சொல்லமாட்டேன்,
வெண்ணெய் கொஞ்சமாவது தடுக்கும்.
திரையில் விசைக்கோடு இடப்பக்கம் சாய்ந்து
பதினெட்டு மீட்டர்வரை நிமிரவேயில்லை.

த்ரொண்ட்ஹைமுக்கு வடக்கே, மார்ச் கடைசி.
பனி உருகி ஓடை பழுப்பாய் ஓடுகிறது.
ஓடைக்கு மேலே சரிவு, சரிவுக்கு மேலே
தோர்லெய்வின் பார்லி வயல், சிவப்புக் கொட்டகை,
வரப்போகும் தொழுவத்துக்கு அடித்த நாலு முளைக்குச்சி.
அறுபது பசுவுக்கு வங்கியில் கடன் வாங்கியாயிற்று.

"மேலே நாலு மீட்டர் கல் மாதிரி இருக்கிறதே" என்றார்.
"நாற்பது வருஷமாக டிராக்டர் ஓட்டுகிறேன்,
ஒரு நாளும் என்னை முறைத்ததில்லை."

குழாயிலிருந்து ஒரு துண்டு களிமண்ணை உருவி
சமையலறை மேசையில் நிறுத்தினேன்.
நின்றது.
இரும்புச் சட்டியை மேலே வைத்தேன், அதையும் சுமந்தது.
யோருன் ஒரு கிண்ணமும் மரக்கரண்டியும் தந்தாள்.
கிளறினேன்.
அரை நிமிடத்தில் மோர்.
ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்கவில்லை.
சாய்த்தால் தட்டில் வழிந்தது.
அடுப்பில் காபி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

கடலில் படிந்த மண் இது.
பனிப்பாறை விலக, பாரம் இறங்கிய நிலம்
மெல்ல முதுகை நிமிர்த்தியது; கடற்படுகை வயலாயிற்று.
சீட்டுக்கட்டு வீடுபோல் ஒன்றில் ஒன்று சாய்ந்த துகள்கள்
உப்பிட்ட கடலை உள்ளளவும் நினைத்து நின்றன.
பிறகு மழை. ஆயிரமாயிரம் ஆண்டு நல்ல தண்ணீர்.
உப்பு போய்விட்டது, வீடு அப்படியே நிற்கிறது,
எதைப் பிடித்து நிற்கிறோம் என்று தெரியாமல்.

மேசையிலிருந்த உப்பை எடுத்து
இரண்டு சிட்டிகை போட்டு மறுபடி கிளறினேன்.
கரண்டி நட்டுக்கொண்டு நின்றது.
"சரிவு முழுக்க எத்தனை மூட்டை வேண்டும்?"
தோர்லெய்வ் சிரிக்காமல் கேட்டார்.
நானும் சிரிக்காமல் கணக்குப் போட்டேன்.
உப்புக் கிணறுகள் வெட்டலாம். ஊறிப் பரவச் சில வருஷம்.
தொழுவத்தைப்போல் நாலு மடங்கு செலவு.

அப்போதுதான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.
சரிவின் விளிம்பில் ஒரு மேடு,
மேட்டில் மிச்சப் பனி,
பனியில் சறுக்குப்பலகையோடு இரண்டு பிள்ளைகள்.

"அது?"
"நிலவறை தோண்டிய மண். சறுக்கி விளையாடட்டும் என்று
இலையுதிர்காலத்தில் கொட்டினேன்."
"எத்தனை லோடு?"
"முப்பது இருக்கும்."

காபியை வைத்துவிட்டு எழுந்தேன்.
தொழுவம் மறந்துபோயிற்று, கடன் மறந்துபோயிற்று.
கீழே ஓடை சரிவின் பாதத்தை அரிக்கிறது,
மேலே முந்நூறு டன்,
நடுவே அந்த மோர்.
அக்கரையில் மூன்று வீடு. ஒன்றில் யாரோ
துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள்.

பிள்ளைகளைக் கூப்பிட வாய் திறந்தபோது
குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.
குரலுக்கு எடை கிடையாது, தெரியும்.

மூன்று வீட்டுக்காரர்களும் உறவினர் வீட்டுக்குப் போனார்கள்.
சின்னத் தோண்டுபொறி, வயல் பக்கமாக மட்டும்,
கரண்டி கரண்டியாக, மூன்று நாள்.
இங்கெபோர் என்ற எட்டு வயதுக்காரி
வேலியில் உட்கார்ந்து என்னை முறைத்தாள்.
அவள் மேட்டைத் திருடியவள் நான்.

அறிக்கையில் ஒரு வரி: கட்ட உகந்ததல்ல.
நாலு முளைக்குச்சியையும் பிடுங்கி
மண்ணைக் கால்சட்டையில் துடைத்து
தோர்லெய்வ் என்னிடமே தந்தார்.
கிண்ணத்தை எங்கே கொட்டுவதென்று யோருன் கேட்டாள்.
எனக்குத் தெரியவில்லை.

பன்னிரண்டாம் துளை, கொட்டகைக்குத் தெற்கே,
கற்கள் துருத்திய, யாருக்கும் பிடிக்காத மூலையில்.
இரண்டு மீட்டரில் கம்பி கிறீச்சிட்டு அலறியது.
ஆஸ்முண்ட் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.
"இன்னும் கொஞ்சம் அலறட்டும்" என்றார் தோர்லெய்வ்.