லவெண்டர் எதைச் செய்யாது?

பார்னு கடற்கரை விடுதியில்
சனி, ஞாயிறு, இரண்டே நாளில்
என்னை மணச்சிகிச்சையாளர் ஆக்கினார்கள்.
முப்பது யூரோ கூடக் கட்டினால்
கண்ணாடிச் சட்டத்தோடு சான்றிதழ்.
கட்டினேன்.
பூவோடு சேர்ந்தால் நாரும் மணக்குமே,
ஆறு மாதம் மணந்தேன்.
நார் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் கடைசியில் மார்யெ வந்தாள்.
தபால் நிலையத்தில் வேலை, தோளில் வலி.
பெர்கமோட் எண்ணெயை
அளக்காமல் ஊற்றினேன்,
தேய்த்து முடித்து
ஒரு முறை கையை அழுத்தி வைத்தேன்,
ஆசீர்வாதம் மாதிரி.
இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் அணையாத நாட்கள்.
அவள் நேரே போய் மணலில் குப்புறப் படுத்தாள்.

மூன்றாம் நாள் அவள் தோளில்
என் கை இருந்தது.
விரல் விரலாகச் சிவந்து,
கொப்பளித்து,
பிறகு தேயிலைக் கறை போலப் பழுப்பாகி.
மோதிரம் இருந்த இடத்தில் மட்டும்
மெல்லிய வெள்ளைக் கோடு.

சண்டை போடவில்லை அவள்.
"வெயில் பட்டால் இப்படி ஆகும் என்று
உனக்குத் தெரியாதா?"
தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.
"சிலருடைய தோல் அப்படி" என்றேன்.

தார்த்துவில் இரண்டு வருடம்.
எலும்புகளின் பெயர்கள்,
எந்த எண்ணெய் வெயிலோடு கூட்டுச் சேரும்,
எது ரத்தத்தை நீர்க்கவைக்கும் மாத்திரையோடு மோதும்.
அறுபது பேரைத் தொடுவதற்கு முன்
அறுபது பேரையும் கேட்டு எழுதினேன்:
என்ன சாப்பிடுகிறீர்கள், எது ஒத்துக்கொள்ளாது,
கர்ப்பமா, காக்காய்வலிப்பு உண்டா.
துளிகளை எண்ணினேன்.
தூக்கத்திலும் எண்ணினேன் என்றான் என் கணவன்.

வாய்மொழித் தேர்வில் லேலோ கிவிரண்ட்,
புற்றுநோய் வார்டில் இருபது வருடம் நர்ஸாக இருந்தவள்,
ஒரே கேள்விதான் கேட்டாள்:
லவெண்டர் எதைச் செய்யாது?

கட்டியைக் கரைக்காது.
மாத்திரையை நிறுத்தச் சொல்லாது.
தூக்கத்துக்கு வாக்குக் கொடுக்காது,
வாசலைத் திறந்து வைக்கலாம், அவ்வளவுதான்.
இன்னும் சொன்னேன், நினைவில்லை.
அவள் எழுதிக்கொண்டே இருந்தாள்,
நான் நிறுத்திய பிறகும்.

சான்றிதழ் பதிவுத் தபாலில் வந்தது.
கவுன்டரில் மார்யெ.
கையில்லாத சட்டை.
தோளில் இப்போது ஒன்றும் இல்லை,
அல்லது எனக்கு மட்டும் தெரிகிறது.
கையெழுத்துப் போடு என்று பேனாவை நகர்த்தினாள்.
"உள்ளே என்ன?"
தாள், என்றேன்.
பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல் நின்றேன்.
"தெரியாது, மார்யெ.
அன்றைக்கு எனக்குத் தெரியாது."

முத்திரையை ஓங்கிக் குத்தினாள்.
பேனாவை வாங்கிக்கொண்டு,
என் தலைக்கு மேலாக வரிசையைப் பார்த்து,
அடுத்து, என்றாள்.