மிச்ச மாத்திரைகள்

ஔலு நகரத்து மருத்துவமனையில் என் வேலை எண்ணுவது.
திரும்பி வரும் புட்டியைத் தட்டில் கவிழ்த்து
இரண்டிரண்டாய் ஒதுக்கி
விழுங்கியது எத்தனை, மிச்சம் எத்தனை என்று எழுதுவது.

ஊசி எல்லோருக்கும் உண்டு.
பழைய மாத்திரையும் உண்டு.
மூன்றாவது மட்டும் சீட்டுக் குலுக்கல்:
பாதிப் பேருக்குப் புது மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு.
அதே மஞ்சள், அதே நீள்வட்டம்.
யாருக்கு எது என்று எனக்குத் தெரியாது,
டாக்டருக்கும் தெரியாது.
எங்கோ ஒரு கணினிக்குத் தெரியும்.
அது வாய் திறக்காது.

ரெய்னோ கார்ப்பினென், துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்.
தைஸ்தோ மொய்லானென், பள்ளிக்கூட பஸ்.
புராஸ்டேட்டில் கிளம்பியது
இருவருக்கும் எலும்புவரை போயிருந்தது.
காத்திருக்கும் அறையில் தொடங்கிய பழக்கம்
உறைந்த கடல்மேல் ஒரே துளையில் தூண்டில் போடும்வரை வளர்ந்தது.
மைனஸ் இருபதில், ஊசியின் புண்ணியத்தில்,
திடீரென்று உடம்பு கொதிக்கும்;
கோட்டைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருப்பார்களாம்.
பார்க்கிறவர்கள் குடித்திருக்கிறான்கள் என்பார்களாம்.

பிப்ரவரியில் கணக்குச் சரியாகவே இருந்தது.
ஆனால் தைஸ்தோவின் புட்டியடியில் ஒரு மீன் செதில்.
தைஸ்தோ மீனைக் கையால் தொடமாட்டார்.
அறுப்பது, கழுவுவது எல்லாம் ரெய்னோ.

கேட்டேன். ரெய்னோ மறைக்கவில்லை.
"பாதி பாதி கலந்துகொண்டோம்.
ஒருத்தனுக்கு மாவு விழுந்திருந்தால்?
பிடித்ததை அப்படித்தானே பங்கு போடுவோம்."

படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.
'பிற' என்பதன் கீழ் எழுதினேன்:
ஆய்வு மாத்திரைகள் இருவரிடையே கலந்தன.
கொஞ்ச நேரம் கழித்து
'வேண்டுமென்றே' என்று சேர்த்தேன்.

ஹெல்சின்கியிலிருந்து கூப்பிட்டுத் திட்டினார்கள். நியாயம்தான்.
இனி வரப்போகிற ஆயிரம் பேருக்கான கணக்கில்
இரண்டு ஓட்டை.
ஆனாலும் இரவில் யோசனை ஓடுகிறது:
இருவருக்குமே மருந்தாய் இருந்திருக்கலாம்.
இருவருக்குமே மாவாகவும்.
பனிக்கட்டிமேல், கையுறையைக் கழற்றி, விரல் மரத்துப்போக,
மாவைக் கொடுத்து மாவை வாங்கிக்கொண்டு
ஒருவருக்கொருவர் நன்றி சொல்லியிருப்பார்கள்.

தைஸ்தோ ஜூனில் போனார்.
குறியீட்டைத் திறக்க இன்னும் ஒன்றரை வருடம்.
ரெய்னோ இப்போது ஊசிக்கு மட்டும் வருகிறார்.
"தெரிந்தாலும் என்னிடம் சொல்லாதே, சிர்க்கு"
என்று சட்டைக் கையை இறக்கிவிட்டு,
செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தை
மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

நோயாளியிடம் எதுவும் வாங்கக்கூடாது, விதி.
பிரித்தேன்.
பழக்க தோஷம்,
இரண்டிரண்டாய் ஒதுக்கினேன்:
ஏழு.